கொதிசேற்றுக் குழிகள் வரை நடைபாதையை நீட்டிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பார்வையாளர்கள் சார்பில், கீழே கையெழுத்திட்டுள்ளோர்

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
புவிவெப்பப் பூங்கா

பொருள்: கொதிசேற்றுக் குழிகள் வரை மரப்பலகை நடைபாதை அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள மரப்பலகை நடைபாதை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது கடைசி ஊற்றோடு நின்றுவிடுகிறது. சேறு கொதிக்கும் குழிகள் அதற்கு அப்பால், 'தொப் தொப்' என்ற சத்தம் காதில் விழும் தூரத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் வந்தவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவார்களா? பலகையை விட்டு இறங்கி ஆட்கள் நடந்து நடந்து, இப்போது அங்கே ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. புதிதாக வருபவர் அதை நிர்வாகம் போட்ட வழி என்றுதான் நினைப்பார்.

அந்தச் சேறு எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்தாலே ஆபத்து புரியும். நிலத்தடி நீராவியோடு மேலே வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, மேற்பரப்புக்கு அருகே கந்தக அமிலமாகிறது; இதில் நுண்ணுயிரிகளுக்கும் பங்கு உண்டு. அமிலம் பாறையை அரித்துக் களிமண்ணாக்குகிறது. தண்ணீர் குறைவாக இருப்பதால் அந்தக் களிமண் அடித்துச் செல்லப்படாமல் குழியிலேயே தங்கி, வாயு வெளியேறும்போதெல்லாம் கொப்பளிக்கிறது. பாறையைத் தின்ற அமிலம் குழியின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. சுற்றியுள்ள தரையும் உளுத்துப்போயிருக்கலாம். மேலே காய்ந்த மண்ணாகத் தெரிகிற இடத்துக்குக் கீழே கொதிநீர் இருக்கலாம். மழைக்காலத்தில் சேறு இளகும், வெயிலில் இறுகும். போன முறை காலைத் தாங்கிய இடம் இந்த முறையும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

கலிபோர்னியாவின் லாசன் எரிமலைப் பூங்காவில் 'பம்பஸ் ஹெல்' என்ற இடம் இருக்கிறது. 1865-ல் பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு அந்த இடத்தைச் சுற்றிக்காட்டப் போன கெண்டல் பம்பஸின் கால், தரையின் மேலோட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. பிறகு அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. வழி தெரிந்தவர் கதியே இது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளில் விழுந்தும் இறங்கியும் 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 1981-ல் அங்கே ஊற்றில் பாய்ந்த நாயை மீட்கக் குதித்த இளைஞரும் பிழைக்கவில்லை. அது உயரமான இடம் என்பதால் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆனால் உடம்புக்கு 93-ம் ஒன்றுதான், 100-ம் ஒன்றுதான்.

ஆகவே, நடைபாதையைச் சேற்றுக் குழிகள் வரை நீட்டி, இருபுறமும் கைப்பிடி போட்டு, சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு முடிவில் ஒரு மேடையும் அமைத்துத் தர வேண்டுகிறோம். நிலம் மாறிக்கொண்டே இருப்பதால் பாதை பிரித்து மாற்றிப் போடக்கூடியதாக இருப்பது நல்லது. ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு; காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கும். மேடைக்கு இடம் பார்க்கும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேலை முடியும்வரை ஒற்றையடிப் பாதையின் வாயிலை அடைத்து, கூட்டம் கூடும் நேரத்தில் ஊழியர் ஒருவரை நிறுத்தினால் போதும்.

அப்புறம், அறிவிப்புப் பலகை. 'அபாயம்' என்ற ஒற்றைச் சொல்லை யாரும் நின்று படிப்பதில்லை. 'தரை மெல்லிய ஓடு, கீழே கொதிநீர்' என்று காரணத்தோடு, படமும் போட்டு எழுதினால் குழந்தைகளே பெரியவர்களைத் தடுப்பார்கள்.

இதைக் காரணம் காட்டி அந்தப் பக்கத்தையே மூடிவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வேலி போட்டால் வேலியைத் தாண்டுவார்கள், அவ்வளவுதான்.

ஒற்றையடிப் பாதையின் புகைப்படங்களை இத்துடன் இணைத்துள்ளோம். தாங்கள் நேரில் பார்வையிட வரும் நாளைத் தெரிவித்தால், பாதை பிரியும் இடத்தை உடன் வந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பார்வையாளர்கள்