செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஜவ்வாது மலையில் வானோக்கு இரவுகள் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகம் விசாரித்தது, வானைப் படமெடுக்கப் பழைய டெலி லென்ஸ்களை (தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் கேமரா லென்ஸ்கள்) வாங்குவதைப் பற்றி. ஆகவே அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

இரவல் பெட்டியில் இரண்டு லென்ஸ்கள் சேர்ந்துள்ளன: தக்குமார் என்ற பழைய ஜப்பானிய வரிசையின் 135 மி.மீ. எஃப்/3.5, 200 மி.மீ. எஃப்/4 (எஃப் எண் சிறிதானால் ஒளித்திறப்பு பெரிது). இரண்டும் எம்42 என்ற, திருகி மாட்டும் பழைய மரை உள்ளவை. கேனான் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் 200 மி.மீ. சுமார் 6.4 × 4.3 பாகை வானத்தைக் காட்டும்; ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் தாராளமாக அடங்கும்.

விலை பேசுமுன் மவுண்டை (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாயை) பாருங்கள். எம்42 லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 45.46 மி.மீ. இருக்க வேண்டும். கேனான் ஈஎஃப் மவுண்டில் அது 44 என்பதால் இடையில் மாட்டும் மெல்லிய அடாப்டர் வளையம் போதும். நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5, தேவைக்கு அதிகம்; ஆகவே கண்ணாடி இல்லாத அடாப்டரில் முடிவிலிக்கு (நட்சத்திரங்கள் போன்ற வெகுதொலைவுக்கு) ஃபோகஸ் வராது, கண்ணாடி உள்ளதோ நட்சத்திரங்களைக் கெடுக்கும். கேனான் எஃப்டி லென்ஸ் (42) மலிவாகக் கிடைக்கிறதே என்று ஈஎஃப் கேமராவுக்கு வாங்கினால் இதே கதிதான். மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு, அதில் இந்த இடைவெளி மிகக் குறைவு என்பதால், இந்தக் கவலை இல்லை. அவர்கள் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை இயக்கினால் போதும்.

அடுத்தது டார்ச். பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசி இருந்தால் பாதகமில்லை. சிலந்தி நூல்போல் கிளைவிட்டிருந்தால் ஃபங்கஸ் (பூஞ்சை). துடைத்தாலும் கண்ணாடியின் மேற்பூச்சான கோட்டிங்கில் அரித்த தடம் போகாது. சீரான வெண்மூட்டம் இருந்தால் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழும். ஃபோகஸ் வளையம் இறுகியிருப்பதைவிடத் தளர்ந்திருப்பதே மோசம்: லென்ஸை உச்சிக்குத் திருப்பியதும் தன் எடையிலேயே நழுவும்.

ஒளித்திறப்பைச் சுருக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படிந்து முழுத்திறப்பில் சிக்கியிருந்தால், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். நமக்கு இதழ்கள் தேவையே இல்லை. இதழால் மூடினால் நட்சத்திரத்துக்கு முட்கள் முளைக்கும். அதற்குப் பதில் லென்ஸின் முன்மரையில், திறப்பைக் குறுக்கும் ஸ்டெப்-டவுன் வளையம் போட்டால் நட்சத்திரம் வட்டமாகவே நிற்கும். 200 மி.மீ. தக்குமாருக்கு 58 மி.மீ.-இலிருந்து 40.5 வரை இறக்கினால் ஏறத்தாழ எஃப்/5. நட்சத்திரத்தைச் சுற்றும் ஊதா வளையம் கணிசமாகக் குறையும், முற்றிலும் போகாது. ஓரங்கள் கொஞ்சம் இருளும். ஃப்ளாட் (சீரான ஒளிப்பரப்பின் படம்) எடுத்துத் திருத்தினால் சரியாகும்.

வாங்கிய முதல் இரவே ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைச் சற்றே விலக்குங்கள். நட்சத்திரம் விரிந்து தெரியும் வட்டு கோணலாக இருந்தாலோ, நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் வால்விட்டாலோ, உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. திருப்பி அனுப்புங்கள், கழற்றிப் பார்க்க வேண்டாம். முடிவிலிக் குறியை நம்பவும் வேண்டாம். பல அடாப்டர்கள் மெல்லியவை, ஃபோகஸ் குறிக்கு முன்பே வந்துவிடும். லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, பாக்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று காட்டும் கீற்றுத் தட்டு) வைத்துச் சரிபார்த்து, ஃபோகஸ் வளையம் நகராமல் டேப் ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர மறுபடி பாருங்கள்.

ட்ராக்கர் (வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் கருவி) இல்லாதவர்கள் 200 மி.மீ. இரவல் கேட்க வேண்டாம். 4.3 மைக்ரான் பிக்சலில், வான நடுவரைக்கு அருகேயுள்ள நட்சத்திரம் ஒரு நொடியில் மூன்று பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும். ஜவ்வாது மலையில் துருவ நட்சத்திரம் சுமார் 12.5 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. ட்ராக்கரைச் சீரமைக்க அது தெரிய வேண்டும் என்பதால், வடக்கே மரமில்லாத இடமாகப் பார்த்து முக்காலியை நிறுத்துங்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை: இரவல் லென்ஸ்களுக்கு ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டி, சிலிகா ஜெல், ஈரப்பதமானி (40–50 சதவீதம்) வாங்குதல், பழைய தோல் உறைகளை அப்புறப்படுத்துதல் (ஃபங்கஸ் குடியிருப்பது அவற்றில்தான்), பனியில் நனைந்த லென்ஸை ஒரு பகல் மூடியின்றி அறையில் உலர வைத்த பிறகே திரும்பப் பெறுதல்.

செயலாளர்