எழுத்தை வரையிற லைப்ரரி பத்தியும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ் ஃபான்ட் பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஒரு எழுத்தோட வளைவுக்கு எவ்ளோ மெனக்கெடுறாங்கன்னு அழகா சொல்லியிருந்தாங்க. ஆனா அந்த ஃபான்ட் ஃபைலைப் படிச்சு ஸ்க்ரீன்ல புள்ளி புள்ளியா வரையிற லைப்ரரி (மத்த சாஃப்ட்வேர்கள் எடுத்து யூஸ் பண்ணிக்கிற ரெடிமேட் கோடு) பத்தி ஒரு வரி கூட இல்ல. அந்த மாதிரி லைப்ரரியை வச்சு பிரிண்டிங் சாஃப்ட்வேர் எழுதறதுதான் என் வேலை, பல வருஷமா இதுலயே கிடக்கேன், அதனால இதைச் சொல்லாம இருக்க மனசு வரல.

ஃபான்ட் ஃபைல்ல இருக்கிறது வளைகோடுகளோட கணக்குதான், அதைப் பிக்சலா மாத்தணும். அந்த வேலைய செய்யற லைப்ரரிகள்ல முக்கியமானது ஃப்ரீடைப், 1996ல டேவிட் டர்னர் ஆரம்பிச்சது, சி மொழில எழுதினது, யார் வேணா காசில்லாம எடுத்துக்கலாம், ஆண்ட்ராய்டு, லினக்ஸ்னு எங்க திறந்தாலும் உள்ள இருக்கும். ('கொ'ன்னு அடிச்சா கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போய் உக்காருதே, அது ஹார்ஃப்பஸ்னு இன்னொரு லைப்ரரியோட வேலை. அது அடுக்கிக் குடுக்கும், ஃப்ரீடைப் வரையும்.)

இப்படி ஊர் உலகமே நம்பியிருக்கிற ஒண்ணை மாத்தறது லேசுப்பட்ட காரியம் இல்லங்க. போன வருஷம் நான் எழுதின ப்ரோக்ராம் புது வெர்ஷனோட ஒரு எழுத்து கூட மாத்தாம கம்பைல் ஆகணும் (அதாவது நாங்க எழுதற கோடு கம்ப்யூட்டர் ஓட்டற வடிவத்துக்கு மாறணும்), அதைத்தான் சோர்ஸ் கம்பாட்டிபிலிட்டின்னு சொல்றோம். ஏற்கனவே கம்பைல் பண்ணி வச்சது அப்படியே ஓடணும்ங்கறது தனி, அது பைனரி கம்பாட்டிபிலிட்டி. லினக்ஸ்ல ஃப்ரீடைப் ஃபைல் பேரோட கடைசில 6னு ஒரு நம்பர் இருக்கும், பழசு ஓடாத மாதிரி எதையாவது மாத்திட்டா அந்த நம்பரை ஏத்தியாகணும். எத்தனையோ ரிலீஸ் வந்தாச்சு, இன்னும் 6லயே நிக்குது. அந்த ஒத்த நம்பருக்குப் பின்னாடி எவ்ளோ பேரோட பொறுமை இருக்குன்னு நினைச்சா எனக்கு நிஜமாவே மரியாதை வருது.

அதுக்காக எதையுமே மாத்தக் கூடாதுன்னு சொல்ல வரல. 2024ல வந்த 2.13.3ல, எழுத்தோட வெளிக்கோட்டை வச்சிருக்கிற ஸ்ட்ரக்ச்சர்ல சில ஃபீல்டுகளை சைன்ட்ல (மைனஸ் எண்ணும் வரலாம்) இருந்து அன்சைன்டா (மைனஸே கிடையாது) மாத்தினாங்க, அதாவது எத்தனை புள்ளி எத்தனை கோடுன்னு எண்ணி வைக்கிற இடம். எண்ணிக்கை மைனஸ்ல போக வாய்ப்பே இல்ல, அதனால மாத்தினது நியாயம். மெமரில எடுக்கிற சைஸ் அதேதான், பழைய பைனரிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அந்த ஃபீல்டோட பாயின்டரை (மெமரில அது இருக்கிற முகவரி) எடுத்து வச்சிருக்கிற சி ப்ளஸ் ப்ளஸ் கோடு கம்பைல் ஆகாம நின்னுரும். ரிலீஸ் குறிப்புல முக்கிய மாற்றம்னே போட்டு காரணத்தையும் சொல்லியிருந்தாங்க, நிஜ உபயோகத்துக்கு இதுதான் பொருந்தும், கோளாறான ஃபைல் வந்தா பாதுகாப்பும் கூடன்னு. இது வீண் பயம் இல்ல. 2025 மார்ச்ல வெளிய தெரிஞ்ச ஒரு பாதுகாப்பு ஓட்டையப் பாருங்க, 2.13.0 வரைக்கும் உள்ள வெர்ஷன்கள்ல, வேரியபிள் ஃபான்ட் (ஒரே ஃபைல்ல தடிமன், அகலம்லாம் மாத்திக்கிற வகை) படிக்கிறப்ப ஒரு சைன்ட் ஷார்ட் எண்ணைத் தூக்கி அன்சைன்ட் லாங்ங்கற பெரிய எண்ல போட்டதுல கணக்கு எல்லை தாண்டி ஆரம்பத்துக்கே சுத்திக்கிட்டு வந்து, தேவைக்கும் கம்மியா மெமரி ஒதுக்கி, அதுக்கு வெளிய போய் எழுதிருச்சு. கோடுல அது வேற இடம், ஆனா சைன்ட் அன்சைன்ட் குழப்பம்ங்கறது அதே ஜாதிதான்.

என் கோடு கம்பைல் ஆகலன்னா எனக்குக் கோவம் வரும், ஆனா காரணம் எழுதியிருந்தா அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டுப் போயிருவேன். காரணம் எழுதாம விட்டா என்ன ஆகும்னு எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன்.

ஃப்ரீடைப்ல எழுத்தோட சைஸைப் பாயின்ட்ல சொல்றப்ப 64ஆல பெருக்கிக் குடுக்கணும், 12 பாயின்ட் வேணும்னா 768. நாங்க அதை நேரடியா கூப்பிடாம மேல ஒரு சின்ன லைப்ரரி வச்சிருந்தோம், பேர் வேண்டாம், அதுலயும் அதே கணக்குதான். ஒரு அப்டேட்ல அவங்க இனிமே சும்மா பாயின்ட்டாவே குடுக்கலாம்னு மாத்திட்டாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா நாங்க கூப்பிடற ஃபங்ஷன் பேர் அதே, அது வாங்கற இன்டிஜரும் (முழு எண்) அதே, கம்பைலர் ஒரு வார்னிங் கூட விடல. நாங்க பழக்கப்படி 768 குடுத்தோம், அது 768 பாயின்ட்டுன்னே எடுத்துக்கிச்சு. பத்து இன்ச்சுக்கும் மேல. ஒரு 'ணை' பக்கத்துக்குள்ள அடங்கல, சுழியோட ஒரு வளைவு மட்டும் கருப்பா பேப்பர் முழுக்க விழுந்துச்சு, அதுவும் கஸ்டமர் பிரிண்டர்ல. பிரிண்டர் டிரைவர்னு சந்தேகப்பட்டோம், அப்புறம் ஃபான்ட் மேல சந்தேகப்பட்டோம், ஒன்றரை நாள் போச்சு. கடைசில அந்த லைப்ரரியோட ரிலீஸ் குறிப்பைத் தேடிப் பாத்தா, "சைஸ் ஹேண்ட்லிங் மேம்படுத்தப்பட்டது"ன்னு மூணே வார்த்தை.

கம்பைல் ஆகாம நிக்கிற கோடு நம்மள எச்சரிக்குது, கம்பைல் ஆகி அர்த்தம் மாறிப்போன கோடு கஸ்டமர் கைல போய் வெடிக்குது. அர்த்தம் மாறுதுன்னா புதுப் பேர்ல ஒரு ஃபங்ஷன் போடுங்க, பழசைப் பழைய அர்த்தத்தோடயே விட்டுட்டு இனிமே யூஸ் பண்ணாதீங்கன்னு பக்கத்துலயே எழுதுங்க, எந்த யூனிட்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஃப்ரீடைப்ல விளக்கத்தை ஹெடர் ஃபைல்ல (என்னென்ன ஃபங்ஷன் இருக்குன்னு அறிவிக்கிற ஃபைல்) ஃபங்ஷனுக்குப் பக்கத்துலயே எழுதி அதுல இருந்துதான் ரெஃபரன்ஸ் பக்கங்களை எடுக்கிறாங்க, பல ஃபங்ஷனுக்கு எந்த வெர்ஷன்ல வந்ததுன்னும் இருக்கும். கோடைத் தொடுறவன் கண்ணுல விளக்கமும் படும், அதனால ரெண்டும் ரொம்ப விலகிப் போகாது. 2016ல 2.7 வந்தப்ப ட்ரூடைப்ங்கற ஃபான்ட் வகையோட ஹின்டிங் முறையே (எழுத்தை ஸ்க்ரீன் புள்ளிகளுக்குப் பொருந்தற மாதிரி திருத்தறது) மாறி ஸ்க்ரீன்ல தோற்றம் வித்தியாசமாச்சு, அப்பவும் பழைய தோற்றமே வேணும்ங்கறவங்களுக்கு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (ப்ரோக்ராமைத் தொடாம வெளிய இருந்தே மாத்தற செட்டிங்) வச்சுக் குடுத்தாங்க.

இவ்ளோ வேலையும் வெளிய தெரியாது. வேலைக்கு வர்ற பசங்ககிட்ட டாக்குமெண்டேஷன் எழுதுன்னா தண்டனை குடுத்த மாதிரி முகத்தைத் தூக்கி வச்சுக்கிறாங்க, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, அதை எழுதினவனை யாரும் பாராட்டி அவங்க பாத்ததே இல்ல. இந்த லைப்ரரிகளை வச்சு சம்பாதிக்கிற கம்பெனிகளும் பராமரிப்புன்னு வந்தா நாள் ஒதுக்க மாட்டேங்குறாங்க. எங்க டீம்ல இப்போ ஒரு விதி வச்சிருக்கோம், ஹெடர் கமெண்ட்டும் மாற்றக் குறிப்பும் இல்லாம எந்த மாற்றமும் உள்ள வராது, யார் எழுதினாலும் சரி. முதல்ல முனகினாங்க, இப்போ அவங்களே மத்தவங்க கோடை நிறுத்தி யூனிட் எங்கன்னு கேக்கிறாங்க.

அடுத்த தடவை தமிழ் எழுத்து பத்தி எழுதறப்ப இப்படி ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிறவங்க யாரையாவது பேட்டி எடுங்க. புதுசா என்ன சேத்தீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. இந்த வருஷம் எதையெல்லாம் மாத்தாம பாத்துக்கிட்டீங்க, அதுக்கு எவ்ளோ நாள் ஆச்சுன்னு நீங்க கேளுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்