அம்மா ஏன் தண்ணி குடிக்கிறதில்ல?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்க சுகாதாரம் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய வாசிச்சேன். அவங்களுக்கு விழிப்புணர்வு பத்தாதுன்னு போட்டிருந்தது மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, அதான் எழுதுறேன்.

எங்கம்மா நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்துல 32 வருஷமா கொழுந்து எடுக்கிறாங்க. ஒண்ணுக்கு போனா எரிச்சல், அடிக்கடி காய்ச்சல். கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் "தண்ணி நல்லா குடிங்க"ன்னு மாத்திரை குடுத்து அனுப்புவாங்க, அம்மாவும் தலையாட்டிட்டு வந்துருவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி மானிடவியல் படிக்கிற கெம்பஸ் பிள்ளை ஒண்ணு எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, வந்து தங்குச்சு. விடிய அம்மாவோட கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கு போகும், ராவைக்கு அடுப்படியில குந்தி பேசிக்கிட்டு இருக்கும். மூணாவது நாள் பார்த்தா அதுவும் தேத்தண்ணிய பாதியில வச்சிட்டு கிளம்புது. மலையில டொய்லட் இல்லையே, லயத்துக்கு இறங்கி ஏற அரை மணித்தியாலம் போயிரும், கிலோ குறைஞ்சா அரைப் பேருதான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும், பத்தைக்குள்ள ஒதுங்கினா அட்டை, அங்கிட்டு கங்காணி வேற நிப்பாரு, ஆம்பளைக்கிட்ட என்னன்னு சொல்லிட்டு போறது, அதனால பகல் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டே நிக்கிறதுதான். ஏன் தண்ணி குடிக்கிறதில்லன்னு அம்மாகிட்ட முதன்முதலா கேட்டது அந்தப் பிள்ளைதான். மகள் நான்கூட கேட்டதில்ல.

இதே மாதிரி ஹெயிட்டி நாட்டுல வேலை செஞ்ச போல் ஃபார்மர்னு ஒரு டொக்டர், மானிடவியலும் படிச்சவர். காசநோய்க்காரங்க மருந்த ஒழுங்கா எடுக்கிறதில்லன்னு எல்லாரும் அவங்களையே குறை சொன்ன நேரம், இவர் மருந்தோட சாப்பாடு, போக்குவரத்து காசு, வீட்டுக்கே வந்து பார்க்க ஊர் ஆளுன்னு ஏற்பாடு பண்ணினார், நல்லா குணமானாங்க. பசியோட இருக்கிறவங்க கையில காசும் இல்லாம எப்படி மருந்துக்கு நடக்கிறது?

2016 கணக்கெடுப்புல அஞ்சு வயசுக்கு கீழ வயசுக்கேத்த உயரம் வளராத பிள்ளைங்க நாட்டுல நூத்துக்கு 17, தோட்டத்துல 32. இந்த நம்பர எல்லா மேடையிலயும் சொல்றாங்க, ஆனா அந்தப் பிள்ளைங்களோட தாய்மார் வயித்துல சுமந்துக்கிட்டு எத்தனை மாசம் வரைக்கும் மலை ஏறினாங்கன்னு யாரும் சொல்றதில்ல. 1984 வரைக்கும் பொம்பளைக்கு நாள் சம்பளமே ஆம்பளைய விட குறைச்சல்தான், சமமாக்கின பிறகும் கூடையும் அடுப்பும் அவங்க தலையிலதான். இப்ப இளம் பிள்ளைங்க கார்மண்ட்ஸுக்கும் கொழும்பு கடைகளுக்கும் போயிட்டதால எங்க மலையில அம்மா வயசுக்காரங்கதான் கூட.

கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு பக்கத்துல தண்ணியும் கொண்டியும் உள்ள ஒரு டொய்லட் கட்டிக் குடுங்கன்னு உங்க பேப்பர் எழுதணும். ஆராய்ச்சிக்கு வர்றவங்களும் எழுதினத லயத்துக்கு திரும்ப கொண்டுவந்து தமிழ்ல வாசிச்சு காட்டணும். அந்தப் பிள்ளை எழுதினது இங்கிலீஷ்ல போனுக்கு வந்துச்சு, தெரிஞ்ச அளவுக்கு அம்மாவுக்கு சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "கங்காணி நிக்கிறத எழுதியிருக்கான்னு பாரு"ன்னாங்க. எழுதியிருந்துச்சு.

இப்படிக்கு,
கொழுந்தெடுக்கிற ஒரு அம்மாவோட மகள்,
நுவரெலியா.