கோ மொழிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கோ (Go) என்ற நிரலாக்க மொழியை உருவாக்கி வளர்த்துவரும் கூகுள் குழுவினருக்கு,

வணக்கம். 2009 நவம்பரில் கோ வெளிவந்தபோது பலர் கேட்டது, "இதில் புதுசா என்ன இருக்கு?" என்றுதான். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழியான சானல்களின் வேர், கணினி அறிஞர் டோனி ஹோர் 1978-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கோ-வை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் முன்பே உருவாக்கிய நியூஸ்குவீக் மொழியிலும் அவை உண்டு. புரோகிராமைப் பகுதிகளாகப் பிரிக்கும் பேக்கேஜ் அமைப்பில் ஓபரான் மொழியின் சாயல். எனக்கு இது ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை.

என்னை இழுத்தது, எழுதிய புரோகிராமின் தோற்றத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் கோஃபம்ட் என்ற டூல். அதற்கு முன் நான் இருந்த குழுவில், கோடு ரிவ்யூ என்று உட்கார்ந்தால் அடைப்புக்குறி எந்த வரியில் வரணும் என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். இங்கே ஃபைலைச் சேவ் செய்கிறேன்; கோணல்மாணலாக அடித்த ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பு), கண்ணெதிரே டைப்புகளெல்லாம் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்து நிற்கிறது. ஸ்டைலை மாற்ற ஒரு ஆப்ஷன்கூடக் கிடையாது. அதனால் சண்டையும் கிடையாது.

ஆனால், நான் இவ்வளவு நம்பும் இந்த டூல்களில்தான் உங்கள் நிறுவனத்தின் பிடியும் இருக்கிறது. 2019-ல் கோ 1.13 பதிப்பு வந்ததிலிருந்து, பிறர் எழுதிய மாட்யூல் ஒன்று வேண்டும் என்றால் கோ கமாண்ட் முதலில் போய் நிற்பது கூகுள் நடத்தும் ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வரிடம். ஒரு வரி செட்டிங்கில் மாற்றிவிடலாம்தான். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வேலை செய்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். 2023-ல், டூல்களின் பயன்பாட்டுத் தகவலை உங்களுக்கு அனுப்பும் டெலிமெட்ரியை, வேண்டாம் என்பவர்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற வகையில் முன்வைத்தீர்கள். எதிர்ப்பு வந்தது, சம்மதித்தவரிடம் மட்டும் என்று மாற்றினீர்கள். மனதார நன்றி. ஆனாலும் மாற்றும் உரிமை உங்கள் கையில்தானே இருந்தது?

கோ-வின் குறைகளைப் பதியும் பட்டியலில் வந்த ஒன்பதாம் இஷ்யூ நினைவிருக்கிறதா? 'கோ!' என்று ஆச்சரியக்குறியோடு ஏற்கெனவே ஒரு மொழியை உருவாக்கியிருந்த பிரான்சிஸ் மெக்கேப், உங்கள் மொழியின் பெயரை மாற்றக் கேட்டார். 2010 அக்டோபரில் 'துரதிர்ஷ்டம்' என்று குறித்து அதை மூடினீர்கள். அந்த ஒற்றைச் சொல் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ரஸ்ட் என்ற இன்னொரு நிரலாக்க மொழிக்கு 2021-ல் தனி அறக்கட்டளை அமைந்தபோது அதைத் தொடங்கிய உறுப்பினர்களில் கூகுளும் ஒன்று. அங்கே சரிப்பட்டது இங்கே ஏன் சரிப்படாது? கோ-வின் பெயர் உரிமை, ப்ராக்ஸி, மொழி மாற்றங்களில் இறுதி முடிவு, இந்த மூன்றையும் அப்படியொரு அமைப்பிடம் ஒப்படையுங்கள். அதில் நீங்களும் இருங்கள்.

அன்புடன்,
கோ மொழியில் தினமும் எழுதும் ஒருவன்