லாராவெல் ஃபசாட்: ஒரு திருத்தம், ஒரு புகார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிஎச்பி மொழியில் இணையதளம் கட்ட உதவும் லாராவெல் பற்றி உங்கள் தொழில்நுட்ப இணைப்பில் வந்த கட்டுரையில், 'ஃபசாட் என்பது ஸ்டாட்டிக் மெத்தட்தான். அதை வைத்து எழுதிய கோடுக்கு டெஸ்ட் எழுத முடியாது' என்று ஒரு வரி. ஸ்டாட்டிக் மெத்தட் என்றால் ஆப்ஜெக்ட் உருவாக்காமல் கிளாஸ் பெயரை வைத்தே நேரடியாகக் கூப்பிடுவது; டெஸ்டில் அதன் இடத்தில் போலி ஒன்றை வைப்பது கடினம். 11 வருஷமாக பிஎச்பி எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

தற்காலிகச் சேமிப்பிலிருந்து ஒன்றை எடுக்க கேஷ்::கெட் (Cache::get) என்று எழுதினால் பார்க்க ஸ்டாட்டிக் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த கேஷ் ஃபசாட் கிளாஸைத் திறந்து பாருங்கள், கெட் என்ற மெத்தடே அதில் கிடையாது. கெட்ஃபசாட்அக்சசர் என்று ஒன்று இருக்கும். அது திருப்பித் தருவது 'கேஷ்' என்ற ஒரே சொல். இல்லாத மெத்தடைக் கூப்பிட்டதும் பிஎச்பியின் கால்ஸ்டாட்டிக் என்ற மெத்தட் எழுந்துகொள்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லி ஆப்ஜெக்டுகளை உருவாக்கித் தரும் சர்வீஸ் கன்டெய்னரிடம் நிஜ ஆப்ஜெக்டை வாங்கி, வேலையை அதனிடம் தள்ளிவிடுகிறது. நடுவில் இப்படி ஆள் மாற்ற இடம் இருப்பதால்தான் டெஸ்டில் நிஜ கேஷுக்குப் பதில் போலி ஒன்றை வைக்க கேஷ்::ஷுட்ரிசீவ் என்று எழுத முடிகிறது. மெயில்::ஃபேக் என்று ஒரு வரி போட்டால் போதும், ஒரு மெயிலும் வெளியே போகாது.

பெயர்க் குழப்பத்துக்குக் கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994-இல் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' சொல்லும் ஃபசாட், பல கிளாஸ்கள் சேர்ந்த சிக்கலுக்கு எளிய ஒரே வாசல். லாராவெல் அதே பெயரை ஒரு பதிலிக்கு வைத்துவிட்டது.

கட்டுரை உண்மையில் எச்சரித்திருக்க வேண்டியது வேறு ஒன்றை. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆர்டர் கிளாஸ் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். கிளாஸ் தனக்குத் தேவையானதை வெளியிலிருந்து கேட்டு வாங்கும் இடமான கன்ஸ்ட்ரக்டர் காலி. அப்பாடா, சின்ன கிளாஸ் என்று நினைத்தேன். கீழே போகப் போக டிபி, கேஷ், மெயில், லாக், ஸ்டோரேஜ், ஆத் என்று மொத்தம் ஒன்பது ஃபசாட், எல்லாவற்றையும் இங்கே சொல்லவில்லை!

யார் லாகின் செய்திருக்கிறார் என்று சொல்லும் அந்த ஆத்தான் எங்களைக் கவிழ்த்தது. ஆர்டர் வேலையை, பின்னணியில் வரிசையாக ஓடும் க்யூவுக்கு மாற்றினோம். க்யூவில் லாகின் செய்த ஆள் யாரும் கிடையாது; ஆத்::யூசர் 'நல்', அதாவது ஒன்றுமில்லை என்று தரும். நல் வந்தால் காலியாக விடு என்று யாரோ புண்ணியவான் எழுதியிருந்ததால் எர்ரரும் வரவில்லை. 'அன்புள்ள ,' என்று பெயரில்லாமல் ஒரு நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்கு மெயில் போனது. யூசரை வெளியிலிருந்து கேட்டு வாங்கும்படி எழுதியிருந்தால், க்யூவுக்கு மாற்றும்போதே யார் அந்த யூசர் என்ற கேள்வி வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஒன்பதையும் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொண்டுவந்தேன். வரிசை ஸ்கிரீனைத் தாண்டி ஓடியது. சேர்ந்து இரண்டே மாதமான பக்கத்து சீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, "அக்கா, இது ஒரு கிளாஸ் இல்ல, மூணு" என்றான். அத்தனை வருஷம் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஃபசாட் சுலபமாக இருப்பதால் கிளாஸ் ஊதிக்கொண்டே போகும் என்று லாராவெல் ஆவணமே சொல்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. இப்போது பிரவுசர் கோரிக்கையை முதலில் வாங்கும் கன்ட்ரோலரில் ஃபசாட் போடத் தயங்குவதில்லை, முக்கியமான கிளாஸ்களில் கன்ஸ்ட்ரக்டர்தான்.

அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி வெளியிடுங்கள். டெஸ்ட் எழுதாமல் இருக்கச் சாக்குத் தேடுகிறவர்கள் எங்கள் தொழிலில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி