14ஆவது வளைவில் கல் கொடுத்த தம்பிக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில், அடிவாரத்திலிருந்து எண்ணினால் 14ஆவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய இடத்தில், வெளிர்நீல நிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று பானெட்டைத் திறந்துபோட்டபடி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நின்றிருந்ததை அன்று அவ்வழியே சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காரின் உரிமையாளன் நான். எங்களுக்கு அன்று உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர், பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே யாருடைய பெயரும் இல்லாமல், அவரவர் செய்ததை மட்டும் சொல்லி இந்த மடலை எழுதுகிறேன். படிப்பவர் தம்மை அடையாளம் கண்டுகொண்டால் மகிழ்ச்சி. இல்லையென்றால் அவரை அறிந்தவர் யாரேனும் இதை அவரிடம் காட்டிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கார் 1965ஆம் ஆண்டு வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை அடியொற்றி, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் இது. 948 சி.சி. எஞ்சின், இரண்டே கதவுகள். என் தந்தை 1974இல் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வாங்கினார். தந்தை காலமான பிறகு 11 ஆண்டுகள் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தது. அதை மறுபடி ஓட வைக்கலாம் என்று எனக்கு முதலில் தைரியம் சொன்னவர்கள், சேலத்தில் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சேர்ந்து நடத்திவரும் எங்கள் குழுவினர்தான். எனவே முதல் நன்றி அவர்களுக்கு.

அவர்களிலும், எங்கள் குழுவில் மூத்தவரும் இரண்டு அம்பாசிடர்களுக்குச் சொந்தக்காரருமான ஐயாவுக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். ஹெரால்டின் முன்சக்கரங்களைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில், பித்தளையால் ஆன ட்ரன்னியன் என்ற உறுப்பு ஒன்று உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டின் மரை இதற்குள்ளேதான் சுழலும். இதற்குக் கெட்டியான கியர் ஆயில் ஊற்ற வேண்டுமே தவிர, கிரீஸ் அடிக்கக்கூடாது. கிரீஸ் மேலேயே நின்றுகொண்டு அடிமரை வரை இறங்காததால், உள்ளே மரை காய்ந்து துருப்பிடித்து, ஒருநாள் தண்டே முறிந்து சக்கரம் மடிந்துவிடும். நான் வண்டியைக் கொடுத்திருந்த பட்டறையில் மற்ற வண்டிகளுக்குச் செய்வதைப் போலவே இதற்கும் கிரீஸ் அடித்துக் கொடுத்திருந்தார்கள். நானும் அதை நல்ல சர்வீஸ் என்று நம்பிப் பணம் கொடுத்திருந்தேன். ஐயாதான், "மலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்" என்று விடாப்பிடியாக நின்றார். கழற்றியபோது இடப்பக்கத் தண்டில் கடைசி மரைக்கு மேலே மெல்லிய விரிசல் ஒன்று நகக்கீறல் போல ஓடியிருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளுள்ள பாதையில் அந்தத் தண்டோடு நான் என் தாயாரை உட்கார வைத்துக்கொண்டு ஏறியிருப்பேன் என்று நினைக்கும்போது இன்றும் கை சில்லிட்டுப்போகிறது.

புதுத் தண்டும் ட்ரன்னியனும் இங்கே கிடைக்கவில்லை. வண்டலூர்த் தொழிற்சாலை 1980களின் இறுதியிலேயே நின்றுபோய்விட்டது. ஆனால் இங்கிலாந்தில் இந்தக் காரின் உதிரி பாகங்களை இன்றும் செய்து விற்கிறார்கள். குழு உறுப்பினர் ஒருவருடைய மகன் அங்கே வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வரும்போது தம் துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு, பெட்டியில் இரண்டு பக்கத்துக்கும் உரியவற்றைச் சுமந்துவந்தார். இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர் திசையில் ஓடும் என்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாட்ட முடியாது. அதையும் சரிபார்த்தே வாங்கியிருந்தார். திரும்பிப் போகும்போது என் தாயார் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா அந்தச் சுமைக்கு ஈடாகாது என்பது எங்களுக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் புஷ்ஷுகளைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கும், சேலம் குகைப் பகுதியில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த பெரியவருக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு அம்பாசிடர், ஒரு ஃபியட் 1100, ஒரு பிரீமியர் பத்மினி, ஒரு வில்லிஸ் ஜீப், ஒரு பழைய மாருதி 800, என்னுடைய ஹெரால்டு என ஏழு வண்டிகள் காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டியிலிருந்து புறப்பட்டு, கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைந்தோம். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடக்கூடிய வண்டி. வளைவுகளில் மற்றவர்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் ஒரு கையாலேயே திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை ஒன்பதாவது வளைவு வரைதான் நீடித்தது. அங்கே வண்டி விக்கத் தொடங்கியது. ஏற்றத்தில் சூடேறி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும் பழைய கதைதான் இது என்று நினைத்து, என் தந்தை செய்வதைப் போல் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் நிறுத்தினேன். வண்டியும் நான் சொன்னதை ஒப்புக்கொண்டதுபோல் கிளம்பியது. 14ஆவது வளைவைத் தாண்டியதும் ஒரேயடியாக நின்றுவிட்டது.

ஏற்றத்தில் நின்ற வண்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தும் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. அந்த நேரத்தில், எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர், வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்து, தடுப்புச் சுவரருகில் கிடந்த கருங்கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. என் தாயாரைக் கைப்பிடித்து இறக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, வளைவுக்குக் கீழே போய் நின்று, ஏறிவந்த வண்டிகளுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டிருந்தார். அவரை நான் மறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டியைத் தள்ளி அகலமான இடத்தில் நிறுத்தியபின், எல்லோரும் எஞ்சினைச் சுற்றி நின்றுகொண்டிருக்க, அவர் மட்டும் திரும்பிப்போய், நடுப்பாதையில் கிடந்த அந்தக் கல்லை எடுத்து மறுபடியும் சுவரோரம் போட்டார். மலைப்பாதையில் இப்படிக் கல்லை விட்டுவிட்டுப் போகிறவர்களால், இருட்டிய பிறகு இரு சக்கர வண்டிகளில் வருகிறவர்கள் விழுந்து அடிபடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டும் எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. பெயரைக் கேட்பதற்குள் அவர் கிளம்பிவிட்டார். அவர் சட்டையின் நிறம்கூட எனக்கு நினைவில்லை.

அடுத்து, ஏற்காடு சென்ற அரசுப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும். ஓட்டுநர் பேருந்தை நிறுத்தி, எதிரே இறங்கிவந்த வண்டிகளையும் நிற்கச் செய்து, நாங்கள் காரைத் தள்ளி நிறுத்தும் வரை பொறுமையாக இருந்தார். பயணிகளில் நான்கு பேர் இறங்கிவந்து தள்ளினார்கள், அவர்களுக்கும் நன்றி. அந்த இடத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. "மேலே தோட்டத்து ஜீப்புகளைப் பார்த்த வயசான மெக்கானிக் ஒருத்தர் இருக்காருங்க, நான் சொல்லி அனுப்பறேன்" என்றார் நடத்துநர். போகிறபோக்கில் சொன்ன ஆறுதல் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் அந்த மெக்கானிக் வந்து இறங்கியபோதுதான், பேருந்து நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்கே நடத்துநர் ஆள் அனுப்பியிருந்தது தெரிந்தது.

காத்திருந்த நேரத்தில், சற்று மேலே கொய்யாவும் பலாச்சுளையும் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், தம்முடைய பச்சை நிறப் பிளாஸ்டிக் குடத்திலிருந்த தண்ணீரை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். அது அவர் நாள் முழுவதும் குடிப்பதற்கும் பழங்களைக் கழுவுவதற்கும் கீழிருந்து கொண்டுவந்த தண்ணீர். ரேடியேட்டரில் ஊற்றியது போக மீதியில் என் தாயார் முகம் கழுவிக்கொண்டார். இருவரும் சாக்கின்மேல் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார்கள். மாருதி 800 நண்பர் இரண்டு முறை வந்து மேலே அழைத்தும், என் தாயார் அந்தப் பேச்சை விட்டுப் போக மறுத்துவிட்டார்.

மெக்கானிக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டிய மனிதர். கையில் ஒரு மஞ்சள் பை. ஹெரால்டின் பானெட், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதுமாக முன்பக்கம் சாய்ந்துவிடும். எஞ்சினும் இரண்டு முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். அவர் யாரையும் ஒன்றும் கேட்காமல், பெஞ்சில் அமர்வதுபோல் முன்டயரின்மேல் உட்கார்ந்தார். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை. பம்பின்மேல் நான் சுற்றியிருந்த துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈரத்துணி காய்ச்சலுக்குப் போடறதுங்க, தோல் கிழிஞ்சதுக்கு இல்ல" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பம்பைப் பிரித்தபோது, உள்ளே பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் டயாஃப்ரம் ஊறி, நெகிழ்ந்து, ஓரத்தில் கிழிந்திருந்தது. அந்தக் காலத்து ரப்பர், எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இப்போது கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் அது நெடுநாள் தாங்காது. குழாய்களை மாற்றிய நான், பம்புக்குள்ளிருப்பதை மறந்திருந்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை இன்றே பார்த்துவிடுவது நல்லது என்பதற்காகவே இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

மஞ்சள் பையிலிருந்து ரப்பர் பூசிய துணி ஒன்றை எடுத்து, தடுப்புச் சுவரின்மேல் விரித்து, கிழிந்த டயாஃப்ரத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தார். தையற்காரர் கழுத்து வெட்டுவதுபோல் நிதானமாக வெட்டினார். திருகுகளுக்கான துளைகளைப் பொட்டு உளியால் ஒவ்வொன்றாகப் போட்டார். பொருத்தும்போது உடனே முறுக்கிவிடவில்லை. திருகுகளை லேசாக விட்டு, பம்பின் நெம்பியை ஒரு விரலால் முழுதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். துணி தளர்வாக இருக்கும்போதே இறுக்கிவிட்டால், நெம்பி முழுவீச்சுக்குப் போகும்போது அது இழுபட்டு மறுபடியும் கிழியும் என்றார். பத்மினி வைத்திருக்கும் வங்கி அதிகாரி நண்பர் இவ்வளவு நேரமும் தீயணைக்கும் சிலிண்டரைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க நெருங்கிய ஒருவரை அவர் விரட்டிய குரல் அடிவாரம் வரை கேட்டிருக்கும்.

இரண்டாவது முறை செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் கேட்டது துணிக்கு 150 ரூபாய் மட்டுமே. வேலைக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, ஹெரால்டைத் தொட்டு முப்பது வருஷம் ஆகிறது என்று சொல்லி, டயரைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். நான் சட்டைப் பையில் திணித்த பணத்தை என் தாயாரின் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மற்ற ஆறு வண்டிக்காரர்களும், ஏரிக்கரையில் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்திருந்ததை விட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக எங்களுக்காகவே காத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குமேல் ஏற்காடு சேர்ந்து ஆறிப்போன பொங்கலைச் சாப்பிட்டதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. ஃபியட் நண்பர் மட்டும் சொன்னார், அதுவும் வடை தீர்ந்துவிட்டதற்காக. இறங்கும்போது மூத்த ஐயாவின் அம்பாசிடர் எனக்கு முன்னால் இரண்டாம் கியரிலேயே இறங்கி, பிரேக்கை நான் சூடேற்றிவிடாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொடுத்தது. மாலை ஐந்தரைக்கு வீடு சேர்ந்தோம்.

ஒன்று மட்டும் பாக்கியிருக்கிறது. பழம் விற்ற அம்மாவின் பச்சைக் குடம், தண்ணீர் ஊற்றிய அவசரத்தில் எங்கள் டிக்கியில் ஏறி அஸ்தம்பட்டி வரை வந்துவிட்டது. அதன்பின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதை எடுத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் அவர் இல்லை. அவர் வேறு வளைவில் கடை போட்டிருந்தால், தெரிந்தவர்கள் அடிவாரத்துக் கடைகளில் ஏதேனும் ஒன்றில் சொல்லிவைத்தால் போதும். வரும் ஞாயிறும் காலை ஏழு மணிக்கு நானும் என் தாயாரும் அதே காரில் அந்த வழியாக ஏறுகிறோம்.

நன்றியுடன்,
ஹெரால்டு காரின் உரிமையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.