முதல் சுற்று சுவருக்கு

கோத்தகிரி
மார்கழி

அன்புள்ள பிலோமினா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குப் பெண் குழந்தை என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். மழை விட்டுவிட்டது, விடிகாலையில் புல்வெளியில் உறைபனி விழ ஆரம்பித்திருக்கிறது.

ஓவிய வகுப்புப் பிள்ளைகளைத் தை மாதத்தில் ஊட்டிப் பக்கம் அழைத்துவரப் போவதாக எழுதியிருந்தாய். சரியான காலம். மே மாதமென்றால் மலர்க் காட்சிக் கூட்டத்தில் ஒரு படத்தின் முன்னால் நின்று பார்க்க முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும், ஓவியக் காட்சி அறையும் காலியாக இருக்கும். பிள்ளைகளை எதைப் பார்க்கச் சொல்வது, பார்வையாளர்களுக்காக அங்கே வைத்திருக்கும் கருத்துப் புத்தகத்தில் என்ன எழுதச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். இரண்டையும் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

மலையில் எந்த ஓவியக் காட்சிக்குப் போனாலும் முதல் சுற்றில் படங்களைப் பார்க்காமல் சுவர்களைப் பார்க்கச் சொல். எந்தச் சுவர் வெளிச்சுவர், எது உள்சுவர், ஜன்னல் எந்தத் திசையில், படம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, கொஞ்சம் விலகியிருக்கிறதா? தென்மேற்குப் பருவமழை மோதும் சுவர் ஆவணி வரைக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பகலில் ஆட்கள் வந்துபோய், ஹீட்டரும் போட்டால் அறைக் காற்று சூடாகி ஈரத்தைச் சுமந்துகொள்ளும். மாலையில் பூட்டிவிட்டுப் போனதும் முதலில் குளிர்வது வெளிச்சுவர்தான். அதை ஒட்டித் தொங்கும் சட்டத்தின் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். தாளில் கடுகு கடுகாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான்.

இதற்குப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். சட்டத்தின் கீழ் இரண்டு மூலைகளிலும் பின்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் கனத்தில் கார்க் துண்டு ஒட்டினால் போதும், பின்னால் காற்று ஓடும். வெளிச்சுவரை விட்டுவிட்டுப் பலகைத் தடுப்பில் மாட்டினால் இன்னும் நல்லது. கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தரத்தான் படத்தைச் சுற்றி ஜன்னல் போல வெட்டி வைக்கும் மவுண்ட் அட்டை. தாள் கண்ணாடியைத் தொட்டால் உட்பக்கம் வேர்க்கும்போது ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். கான்வாஸில் தீட்டிய எண்ணெய் வண்ணத்துக்கு வேறு துன்பம்: ஈரத்தில் துணி தொய்யும், ஹீட்டர் போட்டதும் விறைக்கும். இப்படித் தினமும் இழுபட்டால் வண்ணப்படலம் வெடிக்கும். மூலைகளில் சாய்கோடாக ஓடும் விரிசலைப் பிள்ளைகளுக்குக் காட்டு. நனைந்த குடையையும் கோட்டையும் வாசலிலேயே விடச் சொல்வது தரையைக் காப்பாற்ற மட்டுமல்ல, அந்த ஈரம் ராத்திரிக்குள் படங்களிடம்தான் போய்ச் சேரும்.

அடுத்தது வெளிச்சம். தாளில் தீட்டிய நீர்வண்ணத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) போதும் என்பது உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் உள்ள வழக்கம். எண்ணெய் வண்ணம் 200 வரை தாங்கும். லக்ஸ் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி வைத்துக்கொள். ஆண்ட்ராய்டு போனில் உணரி திரைப் பக்கம் இருப்பதால், போனைப் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் திரை வெளியே பார்க்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் 50க்கும் 500க்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். 200 லக்ஸில் ஒரு மணி நேரம் இருப்பதும் 50 லக்ஸில் நாலு மணி நேரம் இருப்பதும் படத்துக்கு ஒன்றுதான், சேதம் கூடிக்கொண்டே போகும். திரும்பி வராது. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் வெயிலில் புற ஊதாவும் சமவெளியைவிட அதிகம், சாதாரண ஜன்னல் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அதனால் மங்கலான அறையைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளிக்க வேண்டாம். வெயிலிலிருந்து வந்தவுடன் ஐந்து நிமிஷம் சும்மா நின்றால் கண் பழகிவிடும்.

நீர்வண்ணத்தைப் பற்றி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நம் மலைகளை வரைந்தவர்களில் மைசூர் கே. வெங்கடப்பா முக்கியமானவர். அபனீந்திரநாத் தாகூரிடம் படித்தவர், ஊட்டியை நீர்வண்ணத்தில் வரைந்தவர். பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் அவர் பெயரிலேயே கலைக்கூடம் இருக்கிறது. அடுத்த பயணத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். பொதுவாக நீர்வண்ணத்தில் மூடுபனிக்கென்று தனியாக வெள்ளைச் சாயம் பூசுவது குறைவு. வண்ணம் போடாமல் விட்ட தாள்தான் பனி. தாள் பழுத்தால் பனியும் பழுத்துவிடும். காலை ஏழு மணிக் காட்சி மாலை ஐந்து மணி ஆகிவிடும். அமிலமுள்ள மலிவு அட்டையைப் பின்னால் வைப்பதுதான் இதற்குப் பெரிய காரணம். மவுண்ட் அட்டையில் சாய்வாக வெட்டிய விளிம்பை ஒட்டித் தாளில் பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பார்க்கச் சொல். ஓடினால் அட்டை தாளைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தோடர் பழங்குடியினர் துணியில் ஊசியால் போடும் பூவேலைக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்கு. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். அச்சோ கோடோ போடாமல் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகும். கிட்டே போய்ப் பார்த்தால் வரிசை திரும்புகிற இடத்தில் நூலை இறுக்காமல் சின்னச் சின்ன வளையங்களாக விட்டிருப்பது தெரியும். துணி சுருங்காமல் படிந்து கிடப்பது அதனால்தான். அந்த மேடுபள்ளமான பக்கம்தான் தோடர்களுக்கு நல்ல பக்கம். கடைகளிலும் காட்சிகளிலும் பார்க்க வழவழப்பாக இருக்கிறதென்று மறுபக்கத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. பூத்துக்குளி என்கிற தோடர் போர்வையைக் கண்ணாடிக்குள் அமுக்கிச் சட்டம் போடுவது அதைவிட மோசம், வளையமெல்லாம் நசுங்கிவிடும். உருளையில் படியவிட்டோ, சாய்வுப் பலகையில் விரித்தோ, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்தால்தான் அதன் அழகு எழுந்து வரும்.

குறும்பர் பழங்குடியினரின் ஓவியத்தில் பார்க்க வேண்டியது நிறங்களின் ஆயுள். மண்ணிலிருந்து எடுத்த சிவப்பும் வெள்ளையும் அப்படியே நிற்கும், இலைப் பச்சைதான் முதலில் வெளுக்கும். மவுண்ட் அட்டையின் நிழலில் இருக்கும் ஓரத்தையும் நடுப்பகுதியையும் ஒப்பிட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை, கரிக்கையூர்ப் பாறைகளில் உள்ள பழைய ஓவியங்களைப் பார்க்கவும் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அனுமதி கிடைத்தாலும் நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று யாரும் பாறையில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. காயும்போது உப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும், ஓவியம் அதற்கடியில் போய்விடும்.

இனி எனக்கு மனசு ஆறாத விஷயம். பல காட்சிகளில் நீர்வண்ணத்தின் கீழே ஓவியர் பெயர், ஆண்டு, அளவு எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே தொங்கும் பூவேலைக்கு 'தோடர் பூவேலை' என்று மட்டும் இருக்கும், 'குறும்பர் ஓவியம்' என்பதோடு முடிந்துவிடும். அதையும் ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். அவர் பெயர், ஊர், ஆண்டு, என்ன துணி, என்ன சாயம், உயரம், அகலம் இவ்வளவும் சீட்டில் வர வேண்டும். நூற்றாண்டு பழைய பொருளென்றால் செய்தவர் பெயர் தெரியாமல் போகலாம். இன்று உயிரோடு இருப்பவர் பெயரை விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பிள்ளைகள் கருத்துப் புத்தகத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மற்றபடி 'அருமை', 'மிக நன்று' எல்லாம் எழுதினால் படிக்கிறவருக்கு ஒரு பயனும் இல்லை. படத்தின் எண், இடம், கண்டது, நேரம், தேதி. இப்படி இருக்கட்டும்: '14ஆம் எண், ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். கீழ் இடது மூலையில் கண்ணாடிக்கு உள்ளே பழுப்புப் புள்ளிகள் ஏழெட்டு. காலை 11 மணிக்கு வெயில் நேரே விழுகிறது.' இதைப் படிக்கிற பொறுப்பாளர் அன்றைக்கே திரையை இழுத்துவிடலாம். படத்தைப் பற்றி எழுதும்போதும் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும்: 'தேன் எடுக்கும் படத்தில் மனிதர்கள் சின்னதாக இருப்பதால்தான் பாறையின் உயரம் தெரிகிறது, கயிறு ஒரே கோடாக மேலிருந்து கீழே வருகிறது.' பிடிக்கவில்லை என்றாலும் எழுதலாம், எந்த இடத்தில் கண் நின்றுபோனது என்று சேர்த்து எழுதினால் போதும்.

நிற்கும் முறை ஒன்று. முதலில் படத்தின் மூலைவிட்ட நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் நின்று முழுதாகப் பார்க்கட்டும், பிறகு ஒரு முழ தூரம் வரை கிட்டே போகட்டும், அதற்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்குப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் இருக்கும்படி மாட்டுவார்கள், உன் வகுப்பில் சின்னவர்களுக்கு அது அண்ணாந்து பார்க்கிற உயரம். கண்ணாடியில் விளக்கு பளபளக்கும். பக்கவாட்டில் இரண்டடி நகரச் சொல். பிளாஷ் அணைத்திருக்கட்டும்.

ஊட்டி மைசூர் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை திறக்காது, பயணத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. முத்தோரைப் பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் வை. அங்கே ஆறு பழங்குடிகளின் பொருள்களையும் சேர்த்துப் பார்க்கலாம். பழனி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக வேனில் வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடு, அரசுப் பேருந்துக்கு அது வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரட்டும். எத்தனை பேர், எந்தத் தேதி என்று எழுது. மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

அன்புடன்,
சாந்தி